கோச் வேலையின் முதல் ஐந்து வருஷம்: எதைப் படிப்பது, எந்த வரிசையில் படிப்பது

உடற்கல்விப் பட்டத்தை முடித்துவிட்டு ஏதோ ஓர் அகாடமியில் பேட்ச் கணக்கிலோ, பள்ளியில் தொகுப்பூதியத்திலோ வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒருவரின் போனில் வாரத்துக்கு நாலு விளம்பரமாவது வந்து நிற்கிறது. இரண்டே நாளில் சர்வதேசச் சான்றிதழ், ஆறு மணி நேரத்தில் ஸ்போர்ட்ஸ் நியூட்ரிஷனிஸ்ட், வீட்டிலிருந்தபடியே ஸ்ட்ரெங்த் கோச். இன்னொரு பக்கம், பாட்டியாலாவில் கோச்சிங் டிப்ளமோ படிக்காமல் அரசு வேலையை நினைத்துக்கூடப் பார்க்காதே என்கிறார் சீனியர். வெளிநாட்டுச் சான்றிதழ் இருந்தால்தான் மதிப்பு என்கிறார் ஜிம் வைத்திருக்கும் நண்பர். கையில் இருப்பதோ ஒரே ஒரு கோர்ஸுக்கான பணம், அதுவும் கடன் வாங்கியது. எதில் போடுவது?

மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைப்பதில்லை. வேலைக்கு உள்ளே நுழைவதற்கான தகுதி ஒன்று. உள்ளே போனபின் வேலையை ஒழுங்காகச் செய்யும் திறமை இன்னொன்று. அந்தத் திறமை பழசாகிவிடாமல் பார்த்துக்கொள்வது மூன்றாவது. விளம்பரங்கள் விற்பது பெரும்பாலும் முதலாவதை, சில சமயம் முதலாவது மாதிரித் தெரியும் ஏதோ ஒன்றை. அடிப்படையிலிருந்தே பார்த்துக்கொண்டு வருவோம்.

1. 'பயிற்சியாளர்' என்று ஒரே சொல், வேலை நாலு

தமிழில் எல்லாரையும் பயிற்சியாளர் என்று சொல்லிவிடுகிறோம். கிரவுண்டில் அது நாலு ஆள்.

பள்ளியில் பி.டி. மாஸ்டர்: அவர் ஆசிரியர், அவருக்கு வேண்டியது உடற்கல்விப் பட்டம். ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தைச் சொல்லித்தருபவர் கோச்: அவரிடம் கேட்கப்படுவது அந்த ஆட்டத்துக்கான டிப்ளமோ அல்லது லைசென்ஸ். உடல் வலு, வேகம், தாக்குப்பிடிக்கும் திறன் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்பவர் ட்ரெய்னர், அதாவது ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் ஆள். அடிபட்டவரைத் தேற்றுபவர் பிசியோ. இவர் மட்டும் வேறு சட்டத்தின் கீழ் வருகிறார்: 2021இல் நிறைவேறிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் பிசியோதெரபியை ஒழுங்குபடுத்துகிறது. மற்ற மூன்று பேரில் கோச்சுக்கும் ட்ரெய்னருக்கும் அப்படி ஒரு சட்டம் கிடையாது. நாளைக்கே ஒருவர் தன் வீட்டு மாடியில் 'சர்வதேச பேட்மிண்டன் அகாடமி' என்று போர்டு மாட்டினால் யாரும் தடுக்க முடியாது.

சின்ன ஊர்களில் இந்த நாலு வேலையையும் ஒரே ஆள் பார்க்கிறார். அது நம் நிலைமை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எந்த வேலையை எந்தத் தகுதியோடு பார்க்கிறோம் என்ற கணக்கு மனசில் இருக்க வேண்டும். முட்டி வீங்கி வந்த பையனுக்கு நாமே 'நீவி' விடுவது பிசியோவின் வேலைக்குள் கால் வைப்பது.

2. சான்றிதழ்களில் மூன்று குடும்பம்

முதல் குடும்பம் பல்கலைக்கழகப் பட்டங்கள். உடற்கல்வியில் இளநிலைப் பட்டமான பி.பி.எட்., முதுநிலைப் பட்டமான எம்.பி.எட். எல்லாம் இதில் வரும். சென்னை நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துக்கொண்டு போனவரும் அவர்தான். மேலக்கோட்டையூரில் இருக்கும் தமிழ்நாடு உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் இந்த வரிசைதான். இந்தப் பட்டங்கள் அகலமானவை: உடலியல், மனவியல், நிர்வாகம், கொஞ்சம் கொஞ்சம் எல்லா ஆட்டமும்.

இரண்டாவது குடும்பம், ஓர் ஆட்டத்தில் ஆழமாகப் போகும் டிப்ளமோவும் லைசென்ஸும். இங்கேதான் பாட்டியாலா வருகிறது. 1961 மே 7 அன்று பாட்டியாலா மகாராஜாவின் மோதிபாக் அரண்மனையில் தேசிய விளையாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. பிறகு நேதாஜி சுபாஷ் பெயர் சேர்ந்தது. எல்லாரும் சுருக்கமாக என்.ஐ.எஸ். என்பார்கள். இப்போது இந்திய விளையாட்டு ஆணையமான 'சாய்' அமைப்பின் கீழ் இருக்கிறது. அங்கே கோச்சிங் டிப்ளமோவும் உண்டு, ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஆறு வாரப் படிப்பை முடித்துவிட்டு 'நான் என்.ஐ.எஸ்.' என்று சொல்லிக்கொள்பவர்கள் நிறைய. அரசு கோச் பணிக்கான அறிவிப்பில் கேட்கப்படுவது வழக்கமாக டிப்ளமோ, ஆகவே பணத்தைக் கட்டுவதற்கு முன் பழைய அறிவிப்பு ஒன்றை எடுத்து வரிவரியாகப் படித்துவிடுவது நல்லது.

சில ஆட்டங்களில் சங்கமே படிக்கட்டு கட்டி வைத்திருக்கிறது. கால்பந்தில் அகில இந்தியச் சம்மேளனத்தின் 'டி' லைசென்ஸ், அதற்கு மேல் ஆசியக் கூட்டமைப்பின் 'சி', 'பி', 'ஏ', கடைசியில் 'ப்ரோ'. கிரிக்கெட்டில் வாரியத்தின் லெவல் வரிசை. படி தாண்டிக் குதிக்க முடியாது.

மூன்றாவது குடும்பம் ஃபிட்னஸ் துறைச் சான்றிதழ்கள். அமெரிக்காவில் 1954இல் தொடங்கிய ஏ.சி.எஸ்.எம்., 1978இல் தொடங்கிய என்.எஸ்.சி.ஏ., அப்புறம் ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம். போன்ற அமைப்புகள் தருபவை. இவற்றில் என்.எஸ்.சி.ஏ. தரும் சி.எஸ்.சி.எஸ். என்ற ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் சான்றிதழுக்கு மரியாதை அதிகம். பட்டம் இருக்க வேண்டும், இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவியான சி.பி.ஆர். சான்றும் இருக்க வேண்டும், தேர்வும் சுலபமில்லை.

இதைத் தவிர நாலாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது, அதற்குக் குடும்பமே கிடையாது. வார இறுதியில் ஹோட்டல் ஹாலில் நடக்கும், மதியம் பிரியாணி உண்டு, மாலையில் தங்க நிற எல்லை போட்ட சான்றிதழ் உண்டு. 'ஐ.எஸ்.ஓ. 9001 பெற்றது', 'அரசுப் பதிவு பெற்றது' என்று மூலையில் அச்சடித்திருக்கும். ஐ.எஸ்.ஓ. 9001 என்பது ஒரு நிறுவனம் தன் நிர்வாக நடைமுறைகளை ஒழுங்காக வைத்திருக்கிறதா என்று சொல்லும் தரம். கோச்சிங் பாடம் சரியா தவறா என்று அது பார்ப்பதில்லை. 'அரசுப் பதிவு' என்பது வெறும் சிறுதொழில் பதிவாக இருந்தால், அது வியாபாரத்துக்கான பதிவு, மாவுமில்லுக்கும் கிடைக்கும்.

3. காலாவதி என்ற விஷயம்

வேலையில் இருந்துகொண்டே தொடர்ந்து படித்துக் கணக்குக் காட்டுவதைத்தான் வெளிநாடுகளில் சி.பி.டி. என்கிறார்கள். தமிழில் தொடர் தொழிற்கல்வி என்று வைத்துக்கொள்ளலாம். ஏ.சி.இ. சான்றிதழை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 20 மணி நேரப் படிப்பைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். சி.எஸ்.சி.எஸ். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. ஐரோப்பியக் கால்பந்து லைசென்ஸ் வைத்திருப்பவர் மூன்று வருஷத்துக்குள் குறைந்தது 15 மணி நேரம் படித்தாக வேண்டும். புதுப்பிக்காவிட்டால் போச்சு.

நம்முடைய பட்டமும் டிப்ளமோவும் அப்படியில்லை. ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் செல்லும், 1994இல் வாங்கியவரும் 2024இல் வாங்கியவரும் ஒரே தகுதி. புதுப்பிக்கச் சொல்லிக் கேட்பவர் இல்லாததால், பெரும்பாலானவர்கள் படித்து முடித்த வருஷத்து அறிவோடு முப்பது வருஷம் ஓட்டிவிடுகிறார்கள். இதில் தனி மனிதரின் சோம்பலைவிட அமைப்பின் ஓட்டைதான் பெரிது என்பது என் கருத்து.

அந்த ஓட்டையால் என்ன ஆகிறது என்பதற்கு ஓர் உதாரணம். கணுக்கால் பிசகினால் என்ன செய்வது? ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைப்பது. இந்த நாலையும் சேர்த்து 'ரைஸ்' என்று 1978இல் பெயர் வைத்தவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். உலகம் முழுக்க மனப்பாடம் ஆனது. 2014இல் அதே மிர்கின், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். 2019இல் வந்த புதிய வழிமுறை ஒன்று, முதல் சில நாள் பாதுகாத்துவிட்டு அப்புறம் வலி அனுமதிக்கிற அளவுக்குச் சீக்கிரமே மெல்ல மெல்ல எடை தாங்கவைக்கச் சொல்கிறது. ஐஸ் வலியை மரக்கச் செய்யும், அதில் சந்தேகமில்லை. ஆனால் 'மூணு வாரம் காலைக் கீழே வைக்காதே' என்று இன்றைக்கும் பையனை வீட்டுக்கு அனுப்பும் கோச், சொல்லிக்கொடுத்தவரே மாற்றிக்கொண்ட பாடத்தை நடத்திக்கொண்டிருக்கிறார்.

ஆகவே யாரும் கேட்காவிட்டாலும் தனக்குத்தானே ஒரு காலாவதித் தேதி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. வருஷத்துக்கு 20 மணி நேரம் என்று வைத்தால் மாதத்துக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அதை எதில் செலவழிப்பது என்பதுதான் மீதிக் கட்டுரை.

4. முதல் வருஷம்: யாரும் சாகாமல் பார்த்துக்கொள்வது

கேட்க மொட்டையாக இருக்கலாம். ஆனால் புது கோச்சுகளுக்குப் பெரும்பாலும் முதல் வேலை கோடைகாலப் பயிற்சி முகாமில்தான் கிடைக்கிறது. அதாவது ஏப்ரல், மே. நம் ஊர் வெயில், பத்து வயசுப் பிள்ளைகள், ஒரு பேட்சுக்கு முப்பது நாற்பது பேர். டெக்னிக் சொல்லித்தருவதில் தப்பு நடந்தால் அடுத்த மாதம் திருத்திக்கொள்ளலாம். கீழே இருப்பவற்றில் தப்பு நடந்தால் திருத்த ஆள் இருக்க மாட்டார்.

(அ) வெப்ப மயக்கம். விளையாடும்போது வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகிறது, மூளை தடுமாறுகிறது. பையன் உளறுவான், எதற்கோ கோபப்படுவான், எந்தப் பக்கம் கோல் என்றே தெரியாமல் நடப்பான். தோல் காய்ந்திருக்கும் என்று பழைய பாடம் சொல்லும். விளையாடிக்கொண்டிருந்தவனுக்கு வேர்வை ஊற்றிக்கொண்டே இருக்கலாம், அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. 108க்குச் சொல்லிவிட்டு வண்டி வரும்வரை காத்திருக்காமல் அங்கேயே குளிர்விக்க வேண்டும்: தண்ணீர்த் தொட்டி இருந்தால் கழுத்துவரை இறக்குவது, இல்லையென்றால் ஹோஸ் தண்ணீரும் ஐஸில் முக்கிய துண்டுகளும் விசிறியும். அரை மணி நேரத்துக்குள் வெப்பம் இறங்க வேண்டும். நினைவு தப்பியவன் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இதில் பாதி வேலை முகாம் தொடங்கும் முன்பே நடக்க வேண்டியது. ஐஸ் எங்கே கிடைக்கும், எதிரே இருக்கும் கரும்புச்சாறு கடையிலா, மீன் மார்க்கெட்டிலா? கிரவுண்டு கேட்டின் சாவி யாரிடம்? ஆம்புலன்ஸ் எந்த வாசலில் நுழையும்?

(ஆ) இதயம் நிற்பது. நெஞ்சின் நடுவில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பெரியவர்களுக்கு 5 செ.மீ.க்குக் குறையாத ஆழம். படித்தால் இரண்டு வரி. பொம்மையின் மேல் இரண்டு நிமிஷம் செய்து பார்த்தால்தான் கை எவ்வளவு சீக்கிரம் சோர்கிறது என்று தெரியும். செஞ்சிலுவைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்றவை முதலுதவி வகுப்பு நடத்துகின்றன. ஆன்லைனில் வாங்கும் சி.பி.ஆர். சான்றிதழை நான் மதிப்பதில்லை.

(இ) தலையில் அடி. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்டில் பந்து பட்டு விலகிய ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்துக்குப் பதிலாக லபுஷேன் இறங்கியது ஞாபகம் இருக்கும், தலையடிக்கு மாற்று ஆட்டக்காரர் என்ற விதி அந்த மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. உலகத் தரத்து டாக்டர் பக்கத்தில் இருக்கும் ஆட்டக்காரருக்கே அந்த விதி என்றால், டாக்டரே இல்லாத நம் கிரவுண்டில் விதி இன்னும் கறாராக இருக்க வேண்டும். தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது, ஸ்கோர் மறந்துவிட்டது என்றால் அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. ஃபைனலாக இருந்தாலும் சரி.

(ஈ) குழந்தைகள் பாதுகாப்பு. 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால் புகார் சொல்வது கடமை. மறைத்தால் 21ஆவது பிரிவில் தண்டனை உண்டு. 'அகாடமி பேர் கெட்டுவிடும், நாமே பேசித் தீர்த்துக்கலாம்' என்று மேனேஜர் சொன்னால் அவரும் நீங்களும் சேர்ந்தே மாட்டுவீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. தினசரி நடைமுறையில் இது சின்னச் சின்னப் பழக்கங்களாக வரும்: கையைப் பிடித்துத் திருத்தும் முன் 'தொட்டுக் காட்டட்டுமா' என்று கேட்பது, தனியாக ஒரு குழந்தைக்கு வாட்ஸ்அப் செய்யாமல் பெற்றோர் இருக்கும் குரூப்பிலேயே சொல்வது, வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது கூடவே ஒரு பெண் பொறுப்பாளர் இருப்பது. 2025இல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டமும் பாதுகாப்பான விளையாட்டுக்கான கொள்கை வேண்டும் என்கிறது. சங்கங்கள் இனி இதைக் கேட்க ஆரம்பிக்கும்.

5. இரண்டாம் வருஷம்: உங்கள் வாயை நீங்களே கேட்பது

இந்தப் பகுதிக்குப் பணம் தேவையில்லை, அதனால்தானோ என்னவோ யாரும் செய்வதில்லை.

1974-75 சீசனில் ரொனால்ட் காலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் யு.சி.எல்.ஏ. கூடைப்பந்து அணியின் பயிற்சிக்குப் போய் உட்கார்ந்தார்கள். கோச் ஜான் வுடன், பன்னிரண்டு வருஷத்தில் பத்துக் கல்லூரிப் பட்டங்களை வென்றவர். பதினைந்து பயிற்சி வகுப்புகளில் அவர் செய்த 2,326 கற்பித்தல் செயல்களைக் குறித்துக்கொண்டார்கள். பாராட்டு 6.9 சதவீதம். கடிந்துகொண்டது 6.6 சதவீதம். முக்கால்வாசிக்கு மேல் வெறும் தகவல்: என்ன செய்வது, எப்படிச் செய்வது, எப்போது செய்வது. பெரிய உரை எதுவும் இல்லை. எல்லாம் குட்டிக் குட்டி வாக்கியம்.

இதை நாமும் செய்து பார்க்கலாம். சட்டைப் பையில் போனை ரெக்கார்டிங்கில் போட்டு, காலரில் இயர்போன் மைக்கைச் செருகிக்கொண்டு இருபது நிமிஷம் பேட்ச் எடுங்கள். ராத்திரி கேட்டு, ஒரு தாளில் நாலு கட்டம் போட்டுக் கோடு போடுங்கள்: தகவல், பாராட்டு, திட்டு, வெறும் சத்தம். முதல் முறை கேட்கும்போது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"கமான் கமான்... சூப்பர்டா... ஏய், எத்தனை தடவை சொல்றது... ஓடு ஓடு... அப்படியில்லடா... கமான்..."

இதில் 'அப்படியில்லடா' என்பதைக் கேட்ட பையனுக்கு, அப்படியில்லை என்றால் எப்படி என்று தெரியாது. அதே இடத்தில் "இடது காலை இன்னும் அரை அடி வெளியே வை" என்று சொல்லியிருந்தால் அது தகவல் கட்டத்தில் விழும் ஒரு கோடு. மூன்று மாதம் கழித்து மறுபடியும் ரெக்கார்டு செய்து பழைய தாளோடு ஒப்பிட்டால், எந்தக் கோர்ஸும் தராத ஒரு மதிப்பெண் பட்டியல் கையில் இருக்கும். (பிள்ளைகளின் குரலும் பதிவாகும் என்பதால் அகாடமியில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், கேட்டதும் அழித்துவிடுங்கள்.)

இன்னொன்று, கடிகாரம். கபடியையே எடுத்துக்கொள்வோம். 24 பையன்கள், ஒரு களம், ஒருத்தன் ரெய்டு போக மற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு ரெய்டு 30 விநாடி, ஆள் மாற 15 விநாடி. ஒரு சுற்று முடிய 18 நிமிஷம். ஒரு மணி நேரத்தில் ஒருவனுக்குக் கிடைப்பது மூன்று ரெய்டு, அதாவது ஒன்றரை நிமிஷம். மீதி நேரம் டிஃபென்ஸில் கொஞ்சம், கரையில் மண்ணைக் கிளறிக்கொண்டு நிறைய. அதே இடத்தைச் சுண்ணாம்புக் கோடு போட்டு நாலு சின்னக் களமாக்கி ஆறு ஆறு பேராகப் பிரித்தால், ஒரு சுற்று நாலரை நிமிஷம், ஒரு மணி நேரத்தில் பதிமூன்று ரெய்டு. ஒரு பை சுண்ணாம்பில் பயிற்சி நாலு மடங்குக்கு மேல். 'பையனுக்கு ஆர்வமே இல்லை சார்' என்று சொல்லும் முன் அவன் எத்தனை நிமிஷம் வரிசையில் நின்றான் என்று ஒருநாள் எண்ணிப் பார்க்கலாம்.

6. அதற்கப்புறம்: உடம்பின் கணக்கு

மூன்றாம் வருஷத்தில் நல்ல பிள்ளைகள் சிலர் தேறி மாவட்டம், மாநிலம் என்று போக ஆரம்பிப்பார்கள். கூடவே காயங்களும் வரும். இங்கே கற்றுக்கொள்ள வேண்டிய முதல் கருவி ஒரு நோட்டும் பேனாவும்.

கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் பரப்பிய முறை இது. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து 'இன்றைக்கு எவ்வளவு கஷ்டம், 10க்கு எத்தனை' என்று கேட்பது. அந்த எண்ணை நிமிஷத்தால் பெருக்குவது. ஒரு ஒன்பதாம் வகுப்புத் தடகளப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மாலை அகாடமியில் 90 நிமிஷம், கஷ்டம் 7, கணக்கு 630. அகாடமி கோச்சுக்குத் தெரிவது இவ்வளவுதான். ஆனால் அதே நாள் காலையில் பள்ளியில் பி.டி. மாஸ்டர் 45 நிமிஷம் ஓடவிட்டிருக்கிறார், கஷ்டம் 5, கணக்கு 225. அவள் உடம்புக்கு அன்றைய சுமை 855. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் போன் நம்பர்கூட வைத்திருப்பதில்லை, முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி வந்ததும் 'ஷூ சரியில்லை' என்கிறார்கள். இந்த எண் அதே பெண்ணின் போன வாரத்தோடு ஒப்பிட மட்டுமே. இன்னொருத்தியோடு ஒப்பிட்டால் அர்த்தமில்லை. இந்த எண்களை வைத்து 'இந்த விகிதம் தாண்டினால் காயம் நிச்சயம்' என்று சொல்லும் சூத்திரங்களும் சுற்றுகின்றன, அவற்றின் மேல் ஆய்வாளர்களே கடுமையான கேள்விகள் எழுப்பியிருக்கிறார்கள்.

பெண் பிள்ளைகளைப் பயிற்றுவிக்கும் ஆண் கோச்சுகள் தெரிந்துகொண்டே ஆக வேண்டிய இன்னொன்று 'ரெட்-எஸ்'. 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இந்தப் பெயரைக் கொடுத்தது. செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு இல்லாதபோது மாதவிடாய் நின்றுபோகலாம், எலும்பு பலவீனமாகலாம், ஆட்டமும் இறங்கும். ஆண்களுக்கும் வரும், அடையாளம் வேறு. 'ஹார்டு ட்ரெய்னிங்ல அப்படித்தான் நிக்கும்' என்று சொல்லும் கோச்சுகள் இன்னும் இருக்கிறார்கள். நிற்பது எச்சரிக்கை, டாக்டரிடம் அனுப்ப வேண்டும். நேரடியாகப் பேசக் கூச்சமாக இருந்தால் அம்மா மூலமாகவோ பெண் ஆசிரியர் மூலமாகவோ பேசலாம்.

அப்புறம் பவுடர் டப்பா. ஊக்கமருந்து விதிகள் ஆட்டக்காரருக்கு மட்டும் என்ற நினைப்பு தப்பு. உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதித்தொகுப்பில் கோச், ட்ரெய்னர் எல்லாரும் 'ஆட்டக்காரருக்குத் துணை நிற்பவர்' என்ற பிரிவில் வருகிறார்கள். தடை செய்யப்பட்ட மருந்தை வைத்திருந்தாலும், கொடுத்தாலும், மறைக்க உதவினாலும் அவர்களுக்கும் தடை. நம் நாட்டில் 2022இல் இதற்குத் தனிச் சட்டமே வந்துவிட்டது. தடைப் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் புதுசாகிறது, சளி மருந்தில்கூட மாட்டலாம். கமிஷனுக்காக மாணவர்களிடம் சப்ளிமெண்ட் விற்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்த டப்பாவில் லேபிளில் இல்லாத ஏதோ கலந்திருந்தால் தடை விழுவது பிள்ளையின் மேல், எப்படி உள்ளே போனது என்பதற்கு விதியில் மன்னிப்பு இல்லை, தண்டனைக் காலத்தில் வேண்டுமானால் குறைப்பு கிடைக்கலாம்.

7. யாரிடம் கற்றுக்கொள்வது

சச்சினின் கோச் ரமாகாந்த் ஆச்ரேக்கர் ஆடிய முதல்தரப் போட்டி ஒன்றே ஒன்று. 1990இல், சிறந்த கோச்சுகளுக்கு மத்திய அரசு தரும் துரோணாச்சாரியார் விருது வாங்கினார். அந்த விருது 1985இல் தொடங்கியபோது முதலில் வாங்கியவர்களில் ஒருவர் பி.டி.உஷாவின் கோச் ஓ.எம். நம்பியார். அவரும் தன் ஓட்டத்தால் உலகப் பெயர் வாங்கியவரில்லை. பெரிய ஆட்டக்காரராக இருந்தவர்தான் பெரிய கோச் ஆவார் என்பதை நம்பி, 'நான் ஸ்டேட் கூட ஆடலையே' என்று ஒதுங்க வேண்டாம். ஆனால் ஒரு சீனியரின் பக்கத்தில் இருந்து கற்பது என்பது வேறு, அவருக்குக் கோன் எடுத்து வைத்து டீ வாங்கி வருவது வேறு. இரண்டு வருஷம் இரண்டாவதைச் செய்துவிட்டு அனுபவம் என்று கணக்கில் எழுதிக்கொள்பவர்கள் உண்டு.

பார்க்கப் போகும்போது ஒரே ஒரு கேள்வியோடு போங்கள். 'பையன் தப்பு செய்த பிறகு எத்தனை விநாடி பொறுத்துப் பேசுகிறார்?' என்பது மாதிரி சின்னக் கேள்வி. முடிந்ததும் 'அந்தப் பொண்ணை ஏன் சார் பத்து நிமிஷம் உட்கார வச்சீங்க' என்று கேளுங்கள், பல சீனியர்களுக்கு இப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருக்கிறது. வேறு ஆட்டத்தின் கோச்சிடமும் போகலாம். வாலிபால் ஆள் ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், எப்படிக் குதித்து இறங்குவது என்பதைப் பற்றித் தன் ஆட்டத்தில் கேள்விப்படாத பத்து விஷயம் கிடைக்கும்.

8. பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. நான் போக நினைக்கும் வேலையின் அறிவிப்பில் இந்தச் சான்றிதழின் பெயர் அச்சில் இருக்கிறதா? 'இருக்கும் சார்' என்பது பதில் இல்லை.

2. செய்முறைத் தேர்வு உண்டா, அதில் யாராவது தோற்றிருக்கிறார்களா? யாருமே தோற்காத தேர்வு தேர்வல்ல, ரசீது.

3. பாடம் எடுப்பவர் எந்த வயசுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்திருக்கிறார்? இந்திய அணியோடு இருந்தவர் எட்டு வயசுக்காரர்களை எப்படிச் சமாளிப்பது என்று சொல்லித்தர முடியாமல் போகலாம்.

4. புதுப்பிக்க எவ்வளவு? வெளிநாட்டுச் சான்றிதழ்களில் தேர்வுக் கட்டணத்தோடு கதை முடியாது, டாலரில் சில வருஷத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும்.

5. இதே விஷயம் இலவசமாகக் கிடைக்கிறதா? பல சமயம் கிடைக்கும். ஃபிஃபாவின் '11+' வார்ம் அப் முறையில் மொத்தம் பதினைந்து பயிற்சி, இருபது நிமிஷம், வாரத்துக்கு இரண்டு முறையாவது செய்தால் காயங்கள் கணிசமாகக் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. படத்தோடு இணையத்தில் சும்மா இருக்கிறது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பாடங்களும் அப்படியே. ஆங்கிலம் தடையாக இருந்தால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து படிக்கலாம்.

சரி, அந்தக் கடன் பணம். அரசு கோச் வேலைதான் லட்சியம் என்றால் சின்னச் சின்ன கோர்ஸ்களில் சிதறவிடாமல் டிப்ளமோவுக்குச் சேர்த்து வையுங்கள், அதற்குள் பட்டமும் விளையாட்டுச் சான்றிதழ்களும் தயாராக இருக்கட்டும். கால்பந்து என்றால் 'டி' லைசென்ஸ், வேறு எதுவும் அதற்கு ஈடில்லை. ஜிம் என்றால் புதுப்பித்தல் கேட்கும் சான்றிதழ் ஒன்று போதும், மூன்று வேண்டாம். எதுவாக இருந்தாலும் முதலில் அதிலிருந்து கொஞ்சத்தை எடுத்து, பொம்மை வைத்துச் சொல்லித்தரும் முதலுதவி வகுப்பு பக்கத்து ஊரில் எப்போது நடக்கிறது என்று விசாரியுங்கள். கோடை முகாம் ஏப்ரலில் தொடங்கிவிடும்.